குண்டு அழுத்திய குழி

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதும் தீர்த்தகிரி சார் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அது என் பேனா. அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். எழுதுவது மட்டும் அடுத்தவர் பேனாவில். சேலத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் உலோகவியல் துறைக்கு அவர்தான் தலைவர். நான் அவருக்குக் கீழே ஆராய்ச்சி உதவியாளர். பெயர் சௌந்திரம், ஊர் பரமத்தி வேலூர், வாய் கொஞ்சம் நீளம். கடைசியாகச் சொன்னதை நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம்.

“என்னம்மா இது? உன் சொந்தத் தாய்மாமன் பொருள். அதுக்கு சர்டிபிகேட் கொடுக்க உனக்கே மனசு வரலையா?”

“மாமன் பொருளுங்கறதுனாலதானுங்க சார் இவ்வளவு பொறுமையா பேசறேன். வேத்தாள் பொருளா இருந்தா இந்நேரம் கிழிச்சே போட்டிருப்பேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார், துடைப்பார். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார்.

1981ஆம் வருஷம் அது. என் மாமா காளியண்ணன் சேலத்திலேயே சூரமங்கலத்தில் ஒரு பவுண்டரி வைத்திருந்தார். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் கழித்துப் போடும் பழைய பிஸ்டன்களை எடைக்கு வாங்கி உருக்குவார். அது அலுமினியம்; லேசு, துருப் பிடிக்காது, ஆனால் மெத்து. எங்கள் பக்கத்துக் காடுகளில் கிடைக்கிற சாணைக்கல்லை மாவாக அரைத்து அந்த உருக்கில் கொட்டிக் கிளறி வார்த்தால் கெட்டிப்படும் என்று அவருக்கு எப்படியோ தோன்றியிருக்கிறது. படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் யோசனையில் எந்த ஊர் எஞ்சினியருக்கும் அவர் குறைந்தவர் இல்லை. அதை எங்கே வேண்டுமானாலும் நான் சத்தியம் செய்து சொல்வேன்.

கல் கலந்த அந்த அலுமினியத்தில் அவர் வார்த்தது கொக்கி. எங்கள் பக்கம் கிணறு வெட்டுகிற கிரேன் இல்லாத ஊர் கிடையாது. கிணற்று மேட்டில் டீசல் எஞ்சின், அதிலிருந்து கம்பிக் கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி, கொக்கியில் இரும்புத் தொட்டி. வெடி வைத்துப் பெயர்த்த கல்லைக் கீழே நிற்பவர்கள் தொட்டியில் அள்ளிப் போடுவார்கள். மேலே இழுத்துக் கொட்டுவார்கள். ஆள் இறங்குவதும் ஏறுவதும் அதே தொட்டியில்தான். இரும்புக் கொக்கியைத் தூக்கி மாட்டவே இரண்டு ஆள் வேண்டும். மாமாவின் கொக்கியை ஒற்றைக் கையில் தூக்கலாம். இருநூறு கொக்கிக்கு ஆர்டர் வந்திருந்தது. ஆனால் கல்லூரி சர்டிபிகேட் இருந்தால்தான் எடுப்போம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். சோதனை செய்தவர், கணக்குப் போட்டவர் இருவருமே அதில் கையெழுத்துப் போட வேண்டும். கணக்குப் போட்டவள் நான்.

கொக்கியை இழுத்து அறுத்துப் பார்க்கிற மெஷின் ஒன்று எங்கள் துறையில் இருந்தது. இரண்டு வருஷமாக ரிப்பேர். அதன்மேல் காலி டீ கிளாஸ் வைப்பார்கள். அதனால் சார் செய்தது குண்டுச் சோதனை. ஓர் எஃகுக் குண்டை உலோகத்தின்மேல் வைத்து அழுத்தினால் குழி விழும். சின்னக் குழி விழுந்தால் உலோகம் கெட்டி. அந்தக் கெட்டித்தனத்தின் எண்ணை மூன்றால் வகுத்தால், இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்று வந்துவிடும். சாதாரண உலோகத்துக்கு அது பெரும்பாலும் சரிதான். மாமாவின் கொக்கியில் விழுந்த குழி அவ்வளவு சின்னது. வகுத்துப் பார்த்து, ஆயிரத்தைந்நூறு கிலோ தாங்கும் என்று சார் எழுதிவிட்டார். ‘கம்ப்யூட்டர் கணக்கும் இதையே சொல்கிறது’ என்று கீழே ஒரு வரி சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று அவருக்கு ஆசை. அந்த ஒரு வரிக்குத்தான் என்னைப் பிடித்தார்.

கம்ப்யூட்டர் மெட்ராஸில் இருந்தது. எங்களிடம் இருந்ததெல்லாம் அட்டையில் ஓட்டை போடுகிற மெஷின். கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. உலோகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குண்டு அழுத்தும்போது எந்தக் கட்டம் எவ்வளவு நசுங்கும், எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். கல்லையும் அலுமினியத்தையும் பிரிக்காமல் எல்லாம் ஒரே உலோகம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் சார். அப்படியே எண்ணூற்று நாற்பது அட்டை அடித்தேன். அதை மட்டும் மெட்ராஸுக்கு எடுத்துப் போயிருந்தால் ஆயிரத்தைந்நூறு என்றே வந்திருக்கும். நானும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். என்னைக் காப்பாற்றியது என் தம்பி ராசப்பனின் தண்ணீர்ச் செம்பு.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போகும்போது அட்டைக் கட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். லேபில் எலி. திரும்புகிற அன்று ராசப்பன் என் கட்டைப் பார்த்து, ‘இதென்னக்கா கட்டு, நாமக்கல் போறதுக்குள்ள அவுந்திரும்’ என்று பிடுங்கி, வாழைச் சருகு சுற்றி, வாழை நாரால் இறுக்கி, ஓர் அட்டைகூட அசையாதபடி கட்டிக் கொடுத்தான். எங்களுடையது கொடிக்கால் குடும்பம். வெற்றிலைக் கட்டு கட்டுவதில் அவனை மிஞ்ச வேலூரில் ஆள் கிடையாது. அன்றைக்கு அவனும் சேலத்துக்கு வெற்றிலை ஏற்றிக்கொண்டு வந்தான். பஸ்ஸின் மேலே அவன் கட்டுகளோடு என் கட்டும் ஏறியது. நாமக்கல்லில் பஸ் நின்றதும் செம்போடு மேலே ஏறி எல்லாக் கட்டுக்கும் தண்ணீர் தெளித்தான். ராசிபுரத்தில் இன்னொரு தடவை. வெற்றிலை கொண்டு போகிறவன் செய்கிற வேலை அது. கை தானாகச் செய்யும்.

சூரமங்கலத்தில் என் அறையில் வைத்துப் பிரித்தேன். எண்ணூற்று நாற்பது அட்டையும் ஊறி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

“அட பாவி! என்னடா பண்ணித் தொலைச்சே?”

“வாடிப் போயிருமேன்னு தெளிச்சனக்கா,” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவன் முழித்த முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முதுகில் ஒன்று வைத்தேன்.

மறுபடி முதல் அட்டையிலிருந்து அடிக்க உட்கார்ந்தபோது வந்த கடுப்பு இருக்கிறதே, அதில்தான் எனக்குப் புத்தி வந்தது. எப்படியும் எல்லாவற்றையும் திரும்ப அடிக்கத்தான் போகிறேன். பொய்யை எதற்கு இரண்டு தடவை அடிக்க வேண்டும்? மாமாவின் கொக்கி ஒரே உலோகம் இல்லை. மெத்தென்ற அலுமினியம், அதற்குள் அங்கங்கே கல் துணுக்கு. அதனால் அலுமினியம் வருகிற கட்டத்தை அலுமினியம் என்றும், கல் வருகிற கட்டத்தைக் கல் என்றும் தனித்தனியாக எழுதினேன். அட்டை ஆயிரத்து முந்நூறு ஆனது. மடியில் வைத்துக்கொண்டு நானே ரயில் ஏறினேன். வழியனுப்ப வந்த ராசப்பனைக் கட்டுக்குப் பக்கத்தில்கூட விடவில்லை.

மெட்ராஸில் மூன்று நாள் காத்திருந்து வாங்கிய காகிதத்தை அங்கேயே வராந்தாவில் விரித்துப் பார்த்தேன். குண்டு அழுத்த அழுத்த, அதற்கு நேர் கீழே இருக்கிற கல் துணுக்குகள் நெருங்கி மொய்த்துக்கொண்டிருந்தன. குழி அவ்வளவு சின்னதாக விழுந்தது அதனால்தான். சந்தை நாளில் வேலூர் பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்டக்டர் தள்ளத் தள்ள வாசலில் ஈ நுழைய இடம் இருக்காது. உள்ளே நடுவில் பத்துப் பேர் தாராளமாக நிற்கலாம். குண்டு பார்த்தது வாசலை. கொக்கி அறுவது நடுவில். வாசலைப் பார்த்துவிட்டு பஸ் முழுக்க இப்படித்தான் என்று சார் எழுதி வைத்திருந்தார். கொக்கி ஆயிரம் கிலோ தாங்குவதே சந்தேகம் என்றது என் கணக்கு.

இதையெல்லாம் அவர் அறையில் நின்று சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“ஒரு தொட்டி கல்லு ஐந்நூறு கிலோதானே? ஆயிரம் போதாதா?”

“கல்லு சும்மா தொங்கிக்கிட்டே வராதுங்க சார். ஆபரேட்டர் வெடுக்குனு பிரேக் புடிப்பாரு. தொட்டி குலுங்கும். அந்தக் குலுக்கல்ல ஐந்நூறு ஆயிரமாயிரும். கீழ ஆளு நிக்குது.”

“நனைஞ்ச அட்டையில போட்ட கணக்கும்மா அது.” ராசப்பன் கதை துறை முழுக்கப் பரவியிருந்தது. “மூணால வகுக்கணும்னு புத்தகத்துல இருக்கு. புத்தகம் எழுதினவனை விட உனக்கு அதிகமாத் தெரியுமோ? நீ கையெழுத்துப் போடலைன்னா டிசம்பரோட உன் வேலை முடியுது. நான் நீட்டிக்க மாட்டேன்.”

“நீட்டிக்க வேண்டாங்க சார். என் பேனாவக் குடுங்க.”

கொடுத்தார். சொன்னபடியே டிசம்பரில் என்னை அனுப்பியும் விட்டார். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது.

மாமா வந்ததுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. பேனாவை வாங்கி வந்த அன்று சாயங்காலமே என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெண் பிள்ளைக்குப் பத்தாவது போதும் என்று அப்பா சொன்னபோது, வேலூருக்கு வந்து மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிச் சண்டை போட்டு என்னை மேலே படிக்க அனுப்பியவர் அவர். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அன்றைக்குச் சொன்னார்.

“உன்னப் படிக்க வெச்சதே நானு. அந்தப் படிப்ப வெச்சே என்ற பொழப்புல மண்ணள்ளிப் போடறயே அம்மிணி?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துக்கமா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை.

“படிக்க வெச்சீங்க மாமா. பொய் சொல்லறதுக்கா படிக்க வெச்சீங்க?”

“அப்போ என்ற கொக்கி அறுந்திரும்ங்கற?”

“அறுந்திரும்.”

“அட்டையப் பாத்துச் சொல்ற. கொக்கியப் பாத்துச் சொல்லலை. ஞாயித்துக்கெழம எருமப்பட்டிக்கு வா. அங்க பொன்னன் கெணறு வெட்டறான். என்ற கொக்கியத்தான் மாட்டச் சொல்லியிருக்கறேன். நாலு பேரு முன்னால பாத்துக்கலாம்.”

“வாரேன் மாமா,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எருமப்பட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் திருவிழாக் கூட்டம். ஆர்டர் கொடுத்த இரண்டு பேர் நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள். தீர்த்தகிரி சார் தன் கையெழுத்து மட்டும் போட்ட சர்டிபிகேட்டை உறைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றார். புதுக் கொக்கி வெயிலில் வெள்ளையாக மின்னியது. பொன்னன் எஞ்சினைக் கிளப்பிவிட்டிருந்தார். அவர் மனைவி ராமாயி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள். அறுபது அடி ஆழத்தில் நின்று தொட்டிக்குக் கல் அள்ளிப் போடுகிறவள் அவள்தான். ஓடிப்போய்த் தொட்டியைப் பிடித்தேன்.

“எறங்காதக்கா!”

“ஏனுங்க அம்மிணி?”

“மொதல்ல எங்க மாமன் எறங்கட்டும். அவரு கொக்கி. அவரே ஏறிப் பாக்கட்டும்.”

மாமா தயங்குவார், நாலு பேர் முன்னால் அந்தத் தயக்கம் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினார், ராமாயியை நகரச் சொன்னார், தொட்டிக்குள் ஏறி நின்றார். “எறக்குடா பொன்னா!” எங்கள் வகையறாவுக்கே உள்ள வீம்பு அது. எனக்கு மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

நான் தடுக்கவில்லை. மாமா எண்பது கிலோ, தொட்டி நூறு. எவ்வளவு குலுங்கினாலும் நானூறைத் தாண்டாது. என் கணக்குப்படி கொக்கி அதைத் தாங்கும். அறுந்துவிடும் என்பதற்கு அந்தக் கணக்கை நம்புகிறவள், தாங்கும் என்பதற்கும் அதையேதான் நம்ப வேண்டும். விரலில் மிச்சமிருந்த நகத்தையெல்லாம் கடித்துத் துப்பினேன்.

மாமா அடி வரைக்கும் போய், கையை ஆட்டிவிட்டு, மேலே வந்தார். கூட்டத்தில் விசில் பறந்தது. தீர்த்தகிரி சார் கைதட்டினார்.

“பாத்தயா அம்மிணி! உன்ற அட்டை என்னமோ சொல்லுச்சே?” மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நீங்க நல்லபடியா ஏறி வருவீங்கன்னும் அதே அட்டைதான் சொல்லுச்சு. இல்லீனா உங்கள உட்டிருப்பனா? ஆளத் தாங்கும் மாமா. கல்லப் போடச் சொல்லுங்க. கீழ ஒருத்தரும் இருக்கக் கூடாது. பொன்னண்ணா, தெனமும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. எச்சும் வேண்டாம், கம்மியும் வேண்டாம்.”

மேட்டில் குவிந்து கிடந்த கல்லைக் கொண்டு ராமாயியும் கூட இருந்தவர்களும் தொட்டியை நிரப்பினார்கள். “நெதமும் இவ்வளவுதானுங்க,” என்று அவளே அளவு சொன்னாள். பொன்னன் தொட்டியைப் பாதிக் கிணற்றுக்கு விட்டு வெடுக்கென்று பிரேக் பிடித்தார். தொட்டி ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. கொக்கி அசையவில்லை. ஏற்றினார், மறுபடி விட்டார், பிரேக் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. நாலாவது தடவைக்குக் கூட்டம் பீடி பற்றவைக்க ஆரம்பித்தது. ஆறாவது தடவைக்கு யாரோ என் காதுபட, “படிச்ச புள்ள, பாவம்,” என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளைத் தூக்கித் தொட்டியில் போட்டிருப்பேன்.

“இன்னும் எத்தன வாட்டி அம்மிணி?” என்றார் மாமா.

“ஒரு நாளைக்கு எத்தன வாட்டியோ அத்தன வாட்டி.”

“அறுபது எழுபதுங்க,” என்றாள் ராமாயி.

ஒன்பதாவது தடவை பிரேக் பிடித்ததும் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கம்பிக் கயிறு துள்ளி மேலே வந்தது. தொட்டியைக் காணோம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரம்தான், அடியிலிருந்து இடிச் சத்தம் எழுந்து கால் அதிர்ந்தது. கிணற்றுக்குள்ளிருந்து புழுதி கிளம்பி வந்தது.

பொன்னன் எஞ்சினை நிறுத்தினார். கயிற்றில் மிச்சமிருந்த பாதிக் கொக்கியை மாமா கையில் எடுத்து, அறுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

தீர்த்தகிரி சார் பக்கத்தில் வந்தார். கண்ணாடி அவர் கையில் இருந்தது.

“ஆபரேட்டர் ரொம்பக் குலுக்கிட்டான். கொக்கி மேல தப்பில்லை. மெதுவா ஓட்டணும்னு ரிப்போர்ட்டுல ஒரு வரி சேர்த்துடலாம் காளியண்ணன். சர்டிபிகேட் அப்படியே இருக்கட்டும்.”

மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆர்டரை நம்பி வார்த்துவிட்ட இருநூறு கொக்கியும் அவர் பவுண்டரியில் அடுக்கிக் கிடந்தது. அவர் கண் ஆர்டர் கொடுத்தவர்கள் பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். ‘மாமா’ என்று வாயெடுத்தேன்.

அதற்குள் கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. ராமாயி எப்போது இறங்கினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. தொட்டி ஓடாத நேரத்துக்கென்று இருக்கிற கற்படியிலும் அதற்குக் கீழே இரும்பு ஏணியிலுமாக இறங்கிப் போயிருக்கிறாள். அது அவள் தொட்டி, எடுக்க வேண்டியது அவள் வேலை. ஆடு மேய்கிற இடத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“அம்மிணி, தொட்டி அப்பளமாட்ட நசுங்கிப் போச்சுங்க. நான் நிக்கற எடத்துலயேதான் உழுந்து கெடக்குது.”

பொன்னன் கிணற்று ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமா பாதிக் கொக்கியை மடியில் கட்டிக்கொண்டு, சார் கையிலிருந்த உறையை வாங்கினார். வாங்கினார் என்று நாகரிகத்துக்குச் சொல்கிறேன். பிடுங்கினார்.

“காளியண்ணன், அது எங்க துறை காகிதம்.”

“என்ற கொக்கிங்க அது,” என்றார் மாமா. சர்டிபிகேட்டை வெளியே எடுத்து என் முன்னால் நீட்டினார். “பேனா வெச்சிருக்கறயா அம்மிணி? அந்த ஆயிரத்தைந்நூற அடிச்சுப் போடு. இது ஆகாதுன்னு பெருசா எழுது. எல்லாத்தையும் திரும்ப உருக்கிக்கறேன்.”

பேனா இருந்தது. தொட்டி இல்லாத கிரேனின்மேல் காகிதத்தை வைத்து, எண்ணை அடித்து, ஆகாது என்று எழுதி, அதற்குக் கீழே என் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டேன்.